போரும் குடிமக்கள் வாக்கும்

ஓர் அரசு நாள்தோறும் எத்தனையோ முடிவுகளைச் செய்கின்றது. வரி விதித்தல், சாலை அமைத்தல், பள்ளி திறத்தல், அணை கட்டுதல் என அவை பல வகைப்படும். அவற்றுள் பிழை நேர்ந்தால் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம். மிகுதியாக விதித்த வரியைக் குறைக்கலாம்; பொருந்தாத சட்டத்தை நீக்கலாம். போர் தொடுத்தல் என்னும் முடிவோ அத்தகையதன்று. களத்தில் மாண்ட மகனை எந்தச் சட்டத் திருத்தமும் தாயிடம் மீட்டுக் கொடாது. எரிந்த ஊரும், ஊனமுற்ற உடலும், கடன்பட்ட கருவூலமும் ஒரு தலைமுறைக்குப் பின்னும் அம்முடிவின் விளைவைக் காட்டி நிற்கும்.

இத்துணைப் பெரிய முடிவைச் செய்பவர் யார்? பண்டைக் காலத்தில் பெரும்பாலும் அரசர் செய்தனர். இக்காலத்தில் அமைச்சரவையோ, குடியரசுத் தலைவரோ, நாடாளுமன்றமோ செய்கின்றது. ஆனால் போர்க்களம் செல்பவர்களுள் பெரும்பாலோர் எளிய குடும்பங்களின் மக்களே. போர்ச்செலவைத் தாங்குபவரும் வரி செலுத்தும் பொதுமக்களே. அங்ஙனமாயின், போர் வேண்டுமா வேண்டாவா என்பதை அப்பொதுமக்களே வாக்களித்து முடிவு செய்தல் வேண்டும் என்று கூறுவது பொருந்துமா? இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. அறிஞரும் அரசியலாரும் இதனைக் குறித்துப் பலகாலும் வாதிட்டுள்ளனர். சில நாடுகளில் இஃது ஓரளவு செயலிலும் சோதிக்கப்பட்டுள்ளது. அவ்வரலாறுகளை ஒவ்வொன்றாக நோக்கி, இவ்வினாவிற்கு விடை காண முயல்வோம்.

கேளாது தொடங்கிய போர்

மக்களைக் கேளாமலே அவர்களைப் போரில் புகுத்துவது எத்தகைய செயல் என்பதை நம் நாட்டு வரலாற்றிலேயே காணலாம். 1939-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் பிரிட்டன் ஜெர்மனியின் மீது போர் அறிவித்தது. அன்றே, இந்தியாவின் வைசிராயாக இருந்த லின்லித்கோ பிரபு, இந்தியாவும் போரில் ஈடுபட்டுவிட்டது என்று அறிவித்தார். மத்திய சட்டசபையை அவர் கலந்துகொள்ளவில்லை. மாகாணங்களில் ஆட்சி நடத்திய அமைச்சர்களின் இசைவையும் பெறவில்லை. முப்பத்தைந்து கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த ஒரு பெருநாடு, ஒருவருடைய அறிவிப்பினால் ஒரே நாளில் உலகப் போருக்குள் புகுத்தப்பட்டது.

இங்கு ஒன்றை நன்கு உணர்தல் வேண்டும். அந்நாளில் இந்தியத் தலைவர்கள் நாஜி ஆட்சியின் கொடுமையை ஆதரித்தவர் அல்லர். காங்கிரஸ் மகாசபையின் செயற்குழு அக்கொடுமையை வெளிப்படையாகக் கண்டித்திருந்தது. ஆகவே, அவர்களுடைய மனவருத்தம் போரின் நியாயத்தைப் பற்றியது மட்டும் அன்று. தம் மக்கள் எதற்காகப் போரிடுகின்றனர் என்பதைத் தம்மிடம் உசாவாமலே வேறொருவர் முடிவு செய்துவிட்டார் என்பதே அவர்கள் உள்ளத்தைச் சுட்டது. உரிமைக்காக நடைபெறும் போர் என்று சொல்லி, உரிமையில்லாத மக்களைக் கேளாமலே அதில் சேர்ப்பது முறையாகுமா என்று அவர்கள் வினவினர். மனநிறைவான விடை கிடைக்கவில்லை. அவ்வாண்டின் இறுதிக்குள் எட்டு மாகாணங்களில் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி துறந்தன. சென்னை மாகாணத்தில் இராஜாஜியின் அமைச்சரவையும் அவற்றுள் ஒன்று.

அப்போர் முடிவதற்குள் இருபது இலட்சத்திற்கு மேற்பட்ட இந்தியர் படையில் சேர்ந்து பணியாற்றினர். ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும், இத்தாலிய மலைகளிலும், பர்மாக் காடுகளிலும் அவர்கள் காட்டிய வீரத்தை உலகம் அறியும். எனினும், அவர்களுடைய நாட்டைப் போரில் சேர்த்த முடிவில் அவர்களுக்கோ, அவர்களுடைய பெற்றோருக்கோ பங்கு இல்லை. நோக்கம் நல்லதாயினும், கேளாது செய்த முடிவு மக்களின் தன்மதிப்பைப் புண்படுத்தும் என்பதற்கு இவ்வரலாறு சான்றாகும்.

லட்லோவின் திருத்தம்

அயலார் ஆட்சியில் அவ்வாறு நேர்ந்தது. குடியாட்சி நடைபெறும் நாட்டில் இவ்வினாவிற்கு இடம் இராது என்று சிலர் கருதலாம். ஆனால் குடியாட்சி நாடாகிய அமெரிக்க ஐக்கிய நாடுகளிலேயே இவ்வினா மிக வலிமையாக எழுந்தது. அந்நாட்டின் அரசியல் சட்டம், போர் அறிவிக்கும் அதிகாரத்தைக் காங்கிரஸ் எனப்படும் சட்டமன்றத்திற்கு அளித்துள்ளது. பிரதிநிதிகள் சபை, செனட் சபை என்னும் இரண்டும் சேர்ந்ததே அம்மன்றம். 1917-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அவ்விரு சபைகளும் வாக்களித்து, அமெரிக்காவை முதல் உலகப் போரில் சேர்த்தன. அப்போரில் ஒரு இலட்சத்திற்கு மேற்பட்ட அமெரிக்க வீரர் உயிர் நீத்தனர். போருக்குப் பின்னும் உலகில் அமைதி நிலைக்கவில்லை. இத்தனை உயிர்கள் எதற்காகப் பலியாயின என்னும் கேள்வி அந்நாட்டு மக்கள் பலருடைய உள்ளத்தில் எழுந்தது.

அவ்வுள்ளக் குமுறலைச் சட்டமாக மாற்ற முயன்றவர் லூயி லட்லோ என்பவர். அவர் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்தவர். பத்திரிகையாளராக விளங்கிப் பின்னர்ப் பிரதிநிதிகள் சபையின் உறுப்பினரானவர். அரசியல் சட்டத்தில் ஒரு திருத்தம் வேண்டும் என்று அவர் 1935-ஆம் ஆண்டில் கோரினார். எதிரிகள் நாட்டின் மீது படையெடுத்தால் காங்கிரஸ் உடனே போர் அறிவிக்கலாம். ஏனைய வேளைகளில், காங்கிரஸ் செய்யும் போர் அறிவிப்பு, நாடு முழுவதும் நடைபெறும் பொதுவாக்கெடுப்பில் பெரும்பான்மை மக்கள் ஒப்பிய பின்னரே செல்லுபடியாதல் வேண்டும். இதுவே அத்திருத்தத்தின் சாரம்.

லட்லோவின் வாதம் எளிமையானது. போரில் துன்புறுபவரும், உயிர் விடுபவரும், செலவைச் சுமப்பவரும் மக்களே. ஒரு நகரத்தில் புதிய பள்ளிக்கூடத்திற்குக் கடன் வாங்குவது பற்றிக்கூட மக்களின் வாக்கைக் கேட்கும் வழக்கம் அந்நாட்டின் பல இடங்களில் உண்டு. அங்ஙனமிருக்க, உயிரையே கேட்கும் செயலுக்கு மட்டும் அவர்களுடைய வாக்கைக் கேளாமல் விடுவது எவ்வாறு பொருந்தும்? மேலும், ஒரு சிலர் மறைவில் கூடிச் செய்யும் முடிவைக் காட்டிலும், கோடிக்கணக்கானோர் சிந்தித்துச் செய்யும் முடிவு போரை எளிதில் நாடாது என்பது அவருடைய கட்சியாரின் நம்பிக்கை. கருத்துக் கணிப்புகளில் மக்களுள் பெரும்பாலோர் இத்திருத்தத்தை விரும்பியதாகத் தெரிந்தது.

1937-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள், சீனாவின் யாங்சி ஆற்றில் நின்ற பனாய் என்னும் அமெரிக்கப் போர்ப்படகை ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசி மூழ்கடித்தன. மீண்டும் ஒரு போர் மூண்டுவிடுமோ என்னும் அச்சம் பரவியது. ஜப்பான் மன்னிப்புக் கோரி, இழப்பீடும் தந்தமையால் அப்பூசல் அப்போதைக்கு அடங்கிற்று. ஆயினும், குழுவிடம் முடங்கிக் கிடந்த லட்லோவின் திருத்தத்தைச் சபையின் விவாதத்திற்குக் கொண்டுவர வேண்டும் என்று போதிய உறுப்பினர் கையொப்பமிட்டனர்.

எதிர்த்தோரின் வாதங்கள்

திருத்தத்தை எதிர்த்தோரும் எளியவர் அல்லர். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் சபைத் தலைவருக்குத் தம் எதிர்ப்பைத் தெரிவித்துக் கடிதம் எழுதினார். சபைத் தலைவர் பாங்க்ஹெட் அதனை உறுப்பினர் முன் படித்துக் காட்டினார். அவர்கள் கூறிய காரணங்களை நாம் நடுநிலையோடு ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, மக்கள் தாமே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் வாயிலாக ஆள்வதே அந்நாட்டு ஆட்சிமுறை. மிகக் கடினமான முடிவு வரும்பொழுது மட்டும் பிரதிநிதிகள் பொறுப்பைத் தட்டிக்கழித்து மக்களிடம் தள்ளுவது முறையன்று. இரண்டாவது, வெளிநாட்டு உறவுகளை நடத்தும் தலைவருக்குப் பேச்சில் உறுதி வேண்டும். அவருடைய கைகள் கட்டுண்டிருக்கின்றன என்று அறிந்தால், பிற நாடுகள் அமெரிக்காவின் உரிமைகளை அஞ்சாது மீறும். அதனால் போர் தொலைவதற்கு மாறாக விரைந்து வரும். மூன்றாவது, பரந்த நாட்டில் பொதுவாக்கெடுப்பு நடத்தப் பல வாரங்கள் ஆகும். அதுவரை பகைவர் கைகட்டி வாளாவிரார். நான்காவது, வாக்கெடுப்புக்காக நடைபெறும் பிரசாரமே மக்களின் சினத்தைத் தூண்டிவிடவுங்கூடும்.

1938-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் சபையில் வாக்கெடுப்பு நடந்தது. திருத்தத்தை விவாதத்திற்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 188 பேரும், வேண்டா என்று 209 பேரும் வாக்களித்தனர். இருபத்தொரு வாக்குகளால் அம்முயற்சி வீழ்ந்தது. அன்று அது வென்றிருப்பினும், இரு சபைகளிலும் மூன்றில் இரு பங்கினரின் ஆதரவும், மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கின் ஒப்புதலும் பெற்றிருந்தாலன்றிச் சட்டமாகியிராது. ஆயினும், ஒரு பெருநாட்டின் மன்றத்தில் ஏறத்தாழச் சரிபாதி உறுப்பினர் இவ்வினாவை ஆராயத்தக்கது என்று கருதினர் என்பது சிறிய செய்தி அன்று.

இரு கட்சியாரின் வாதங்களையும் கேட்ட பின்னர், ஓர் ஐயம் நமக்கு எழுகின்றது. மக்கள் வாக்களித்தால் போர் குறையும் என்று ஒரு சாரார் நம்பினர். குறையாது என்று மற்றொரு சாரார் கூறினர். இவற்றுள் எது உண்மை? மக்களே நேரில் கூடிப் போரை முடிவு செய்த ஒரு நகரம் உலக வரலாற்றில் உண்டு. அதன் கதை இவ்வையத்தை ஆராய உதவும்.

ஏதென்ஸ் நகரப் பேரவை

இற்றைக்கு இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னர்க் கிரேக்க நாட்டில் ஏதென்ஸ் என்னும் நகரம் குடியாட்சியிற் சிறந்து விளங்கிற்று. அந்நகரத்தின் குடிமக்கள் ஒரு குன்றின் மேல் கூடிப் போரையும் அமைதியையும் பற்றித் தாமே பேசி, கை உயர்த்தி முடிவு செய்தனர். பெண்டிரும், அடிமைகளும், பிற ஊரிலிருந்து வந்து குடியேறியோரும் அப்பேரவையிற் சேரும் உரிமை பெற்றிலர். இக்குறை இருந்தபோதிலும், போருக்கு வாக்களித்தவருள் பலர் தாமே படைக்கலம் ஏந்திக் களம் சென்றனர். கப்பல்களில் துடுப்புத் தள்ளினர். ஆகவே, வாக்கும் அதன் பயனும் ஒருவரிடமே தங்கின. அவர்களுடைய போர்களின் வரலாற்றைத் துசிடிடீஸ் என்னும் பேராசிரியர் எழுதி வைத்துள்ளார். அவரும் ஏதென்ஸ் நகரத்தவரே, படைத்தலைவராகப் பணியாற்றியவர்.

கி. மு. 428-இல் மைட்டிலினி என்னும் நகரம் ஏதென்ஸின் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தது. அடுத்த ஆண்டில் அது பணிந்தது. சினத்தால் கொதித்த ஏதென்ஸ் பேரவை, அந்நகரத்தின் ஆண்மக்கள் அனைவரையும் கொன்று, பெண்டிரையும் குழந்தைகளையும் அடிமைகளாக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அக்கட்டளையைத் தாங்கிக் கப்பலொன்று அன்றே புறப்பட்டது. இரவு கழிந்தது. பொழுது விடிந்ததும் மக்கள் மனம் மாறிற்று. குற்றம் செய்தோரை மட்டுமன்றி ஒரு நகரத்தையே அழிப்பது கொடுமை என்று பலர் உணர்ந்தனர். பேரவை மீண்டும் கூடிற்று. கிளியோன் என்பவன் முதல் முடிவையே நிலைநிறுத்த வேண்டும் என்று முழங்கினான். டயோடோட்டஸ் என்பவன், சினமும் விரைவும் தூண்டச் செய்த அம்முடிவு ஏதென்ஸுக்கே நன்மை தாராது என்று அமைதியாக எடுத்துரைத்தான். மிகச் சிறிய வேறுபாட்டில் டயோடோட்டஸின் கட்சி வென்றது.

ஆனால் முதற் கப்பல் ஒரு பகலும் ஓர் இரவும் முந்திச் சென்றுவிட்டது. இரண்டாம் கப்பல் விரைந்து புறப்பட்டது. துடுப்பாளர் இருக்கையை விட்டு எழாமலே மாவுணவை உண்டனர். சிலர் உறங்க மற்றோர் தள்ளினர். கொடிய செய்தியைத் தாங்கிய முதற் கப்பலின் ஆட்களோ விரைந்து செல்ல மனமின்றிச் சென்றனர். அங்குச் சென்றடைந்த முதற் கட்டளையைப் படைத்தலைவன் படித்து முடித்து, அதனை நிறைவேற்ற முற்பட்ட வேளையில் இரண்டாம் கப்பல் துறையை அடைந்தது. கிளர்ச்சியின் தலைவர்கள் கொல்லப்பட்டனர் எனினும், நகரம் பிழைத்தது. ஒரு முறை வாக்களித்து முடிந்தது என்று விட்டிருந்தால் ஒரு நகரமே மடிந்திருக்கும். இரண்டாம் முறை எண்ணிப் பார்க்க இடம் இருந்தமையால் அது காக்கப்பட்டது.

சிசிலிப் படையெடுப்பு

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. கி. மு. 415-இல் அதே பேரவை மற்றுமொரு முடிவைச் செய்தது. கடல் கடந்த சிசிலித் தீவிலிருந்து செகெஸ்டா என்னும் நகரத்தின் தூதர் வந்து, தம் பகைவரை வெல்ல உதவுமாறு ஏதென்ஸை வேண்டினர். போர்ச்செலவுக்குத் தம்மிடம் பெருஞ்செல்வம் இருப்பதாகவும் கூறினர். அதனைக் காணச் சென்ற ஏதென்ஸ் தூதருக்கு வீடுதோறும் விருந்து நடந்தது. வீடுதோறும் பொன்னும் வெள்ளியுமான கலங்கள் ஒளிர்ந்தன. அயலூர்களிலும் இரவல் பெற்ற அக்கலங்களே வீட்டுக்கு வீடு மாறி வந்தன என்பது பின்னரே வெளிப்பட்டது. செகெஸ்டாவில் எஞ்சியிருந்த பணம் முப்பது தாலந்து வெள்ளியே.

பேரவையில் அல்சிபியாடிஸ் என்னும் இளந்தலைவன் படையெடுப்பைப் புகழ்ந்து பேசினான். நிக்கியாஸ் என்னும் முதிய தலைவன் அதனைத் தடுக்க முயன்றான். படை மிகப் பெரியதாக வேண்டும், செலவும் மிகுதியாகும் என்று சொன்னால் மக்கள் அஞ்சிப் பின்வாங்குவர் என்று அவன் எண்ணினான். அவன் எண்ணியதற்கு மாறாக, அத்துணைப் பெரும்படை சென்றால் வெற்றி உறுதி என்று மக்கள் களித்தனர். முதியோர் வெற்றியை நம்பினர். இளைஞர் தொலை நாட்டைக் காண விழைந்தனர். எளியோர் படைச்சம்பளத்தை எதிர்பார்த்தனர். சிசிலித் தீவு எவ்வளவு பெரியது, அதில் எத்துணை மக்கள் வாழ்கின்றனர் என்பதை அவர்களுள் பெரும்பாலோர் அறியார் என்று துசிடிடீஸ் எழுதுகின்றார். அதனினும் கருதத்தக்க செய்தி ஒன்றையும் அவர் குறித்துள்ளார். படையெடுப்பு வேண்டா என்று எண்ணிய சிலர் அப்பேரவையில் இருந்தனர். எதிராகக் கை உயர்த்தினால் நாட்டுப்பற்று இல்லாதவர் என்று பிறர் தூற்றுவரே என அஞ்சி, அவர்கள் வாய்மூடி இருந்துவிட்டனர்.

கோடைக் காலத்தில் ஒரு விடியற்காலையில் நகர மக்கள் அனைவரும் துறைமுகத்தில் திரண்டனர். தந்தையர் மக்களையும், மனைவியர் கணவரையும் விடை கொடுத்து அனுப்பினர். நூற்றுக்கு மேற்பட்ட போர்க்கப்பல்கள் புறப்பட்டன. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், துணைக்கு மற்றொரு பெரும்படையும் அனுப்பப்பட்டது. கி. மு. 413-இல் அவ்விரு படைகளும் சிராக்கூஸ் நகரத்தருகே முற்றும் அழிந்தன. நிக்கியாஸ் கொல்லப்பட்டான். ஏழாயிரத்திற்குக் குறையாத வீரர் சிறைப்பட்டுக் கற்சுரங்கங்களில் அடைக்கப்பட்டனர். வெயிலிலும் குளிரிலும் பசியிலும் வாடி மாண்டனர். சென்றவர் பலர், வீடு திரும்பியவர் மிகச் சிலர்.

தோல்விச் செய்தியை ஏதென்ஸ் மக்கள் முதலில் நம்ப மறுத்தனர். உண்மை என்று தெளிந்தபின், படையெடுப்பைத் தூண்டிப் பேசியவர்கள் மீது சீறி எழுந்தனர். தாமே கை உயர்த்தி வாக்களித்ததை அவர்கள் மறந்துவிட்டவர்போல நடந்துகொண்டனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் நமக்கு அறிவுறுத்துவன யாவை? மக்கள் கையில் வாக்கு இருந்த மாத்திரத்தால் போர் தடைப்படுவதில்லை என்பது ஒன்று. அறியாமையும் ஆரவாரமும் சேர்ந்தால், மக்களும் மன்னரைப் போலவே தவறு செய்வர். மாற்றுக் கருத்தை அஞ்சாது உரைக்க இடம் இருந்தபொழுது அதே மக்கள் தம் கொடிய முடிவைத் திருத்திக்கொண்டனர் என்பது மற்றொன்று. இடித்துரைக்கும் துணைவரைப் பெறாத மன்னன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து. மக்களே மன்னராகிய குடியாட்சிக்கும் அவ்வுண்மை பொருந்தும்.

ஆஸ்திரேலியாவின் இரு வாக்கெடுப்புகள்

ஏதென்ஸ் சிறு நகரம். பெருநாட்டில் போர் பற்றிய பொதுவாக்கெடுப்பு நடத்தவே இயலாது என்று ஒருவர் கூறலாம். முதல் உலகப் போரின் நடுவிலேயே ஆஸ்திரேலியா அதனை இரு முறை நடத்திக் காட்டியது. போரில் சேருவதா என்பது அங்கே கேட்கப்பட்ட கேள்வி அன்று. அந்நாடு முன்னரே போரில் இறங்கியிருந்தது. கடல் கடந்த போர்க்களத்திற்கு இளைஞரைக் கட்டாயமாக அனுப்பலாமா என்பதே கேள்வி. பிரதமர் ஹியூஸ், கட்டாயப் படைச்சேர்ப்பு இன்றியமையாதது என்றார். தொழிற்சங்கத்தாரும், கத்தோலிக்க சமயத்தலைவர் மானிக்ஸ் போன்றோரும் அதனை எதிர்த்தனர். போர்க்காலக் கட்டுப்பாடுகள் பல இருந்தும், ஊர்தோறும் கூட்டங்கள் நடந்தன. ஒரே வீட்டிலும் இருவேறு கருத்துகள் எழுந்தன. அந்நாட்டில் பெண்டிரும் வாக்குரிமை பெற்றிருந்தமையால், தாய்மார் தம் மக்களைப் பற்றித் தாமே கருத்துரைக்க முடிந்தது.

1916-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் ‘ஆம்’ என்றோர் 10,87,557 பேர். ‘வேண்டா’ என்றோர் 11,60,033 பேர். களத்தில் இருந்த வீரரும் வாக்களித்தனர். அவர்களுள்ளும் ஐம்பதாயிரத்திற்கு மேற்பட்டோர் ‘வேண்டா’ என்றனர். 1917-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள் மீண்டும் கேட்கப்பட்டபொழுது ‘வேண்டா’ என்றோரின் எண்ணிக்கை மேலும் உயர்ந்தது. அரசும் மக்கள் முடிவுக்குக் கட்டுப்பட்டது. போர் முடியும்வரை தாமே விரும்பிச் சேர்ந்தவரே அந்நாட்டின் சார்பில் கடல் கடந்து போரிட்டனர். இவ்வாக்கெடுப்புகளால் மக்களிடையே கசப்பு மிகுந்தது உண்மையே. ஆயினும், மக்களைக் கேட்டமையால் நாடு சிதறிவிடவில்லை. போரிலிருந்து பின்வாங்கவும் இல்லை.

ஒரு வாக்கின் மதிப்பு

இனி மீண்டும் அமெரிக்காவிற்கு வருவோம். லட்லோவின் முயற்சி வீழ்ந்து நான்கு ஆண்டுகள் நிறைவதற்கு முன், 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள், ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. நாடு தாக்கப்பட்டமையால், லட்லோவின் திருத்தம் சட்டமாகியிருந்தாலும் அங்குப் பொதுவாக்கெடுப்புத் தேவைப்பட்டிராது. மறுநாள் காங்கிரஸ் கூடிப் போர் அறிவித்தது. செனட் சபையில் 82 பேரும் ஒருமனமாக வாக்களித்தனர். பிரதிநிதிகள் சபையில் 388 பேர் ஆதரிக்க, ஒருவர் மட்டும் எதிர்த்தார். அவர் ஜெனட் ராங்கின் என்னும் அம்மையார். அக்காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற் பெண்மணி. 1917-ஆம் ஆண்டிலும் போரை எதிர்த்து வாக்களித்தவர். சபையில் எழுந்த கூச்சலையும் சினத்தையும் தாங்க இயலாமல் அவர் தொலைபேசி அறையொன்றில் ஒதுங்க நேர்ந்தது.

அம்மையாரின் கருத்து அன்று சரியா தவறா என்பதில் அறிஞர் வேறுபடலாம். தாக்கப்பட்ட நாடு தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியதே என்பாரே மிகப் பலர். ஆனால் அவருடைய வாக்கு எண்ணப்பட்டது, ஏட்டில் எழுதப்பட்டது. ஏதென்ஸ் பேரவையில் வாய்மூடி இருந்த சிலருக்கு இல்லாத துணிவு அவருக்கு இருந்தது. அதனைத் தாங்கிக்கொள்ளும் அமைப்பு அந்நாட்டிற்கு இருந்தது. 

இன்றைய நிலையும் நம் கடமையும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் போர் அறிவிக்கும் வழக்கமே அருகிவிட்டது. அமெரிக்கக் காங்கிரஸ் முறைப்படி போர் அறிவித்தது 1942-ஆம் ஆண்டிலேயே இறுதியாக நிகழ்ந்தது. அதன் பின்னர் அந்நாடு கொரியாவிலும் வியட்நாமிலும் நடத்திய பெரும்போர்கள் போர் அறிவிப்பு இன்றியே நடந்தன. மறுபுறம், 2013-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் நாள், சிரியாவில் படை நடவடிக்கை எடுக்க விரும்பிய பிரிட்டிஷ் அரசின் தீர்மானத்தை அந்நாட்டுக் காமன்ஸ் சபை 285-க்கு 272 என்னும் வாக்குகளால் தள்ளிவிட்டது. அரசும் அதற்குப் பணிந்தது. மக்களின் பிரதிநிதிகள் விழிப்போடு இருந்தால், பொதுவாக்கெடுப்பு இன்றியும் மக்களின் குரல் கேட்கப்படும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இந்திய அரசியல் சட்டம் போரையும் அமைதியையும் மத்திய அரசின் அதிகாரப் பட்டியலில் வைத்துள்ளது. போர் குறித்துப் பொதுவாக்கெடுப்பு வேண்டும் என்று அது விதிக்கவில்லை. உலக அமைதியை வளர்க்க அரசு முயல வேண்டும் என்பதை 51-ஆம் விதி வழிகாட்டும் நெறியாக வகுத்துள்ளது. அமைச்சரவை மக்களவைக்குப் பொறுப்புடையது. மக்களவை வாக்காளர்க்குப் பொறுப்புடையது.

அங்ஙனமாயின், நாம் தொடங்கிய வினாவிற்கு விடை யாது? பகைவர் வாயிலில் வந்து தாக்கும்பொழுது வாக்குப்பெட்டியைத் தேடிக்கொண்டிருத்தல் இயலாது. அப்பொழுது அரசு உடனே செயற்பட்டே தீர வேண்டும். லட்லோவும் இதனை மறுத்தாரல்லர். ஆனால் தாக்குதல் இன்றித் தாமே விரும்பித் தொடுக்கும் போர் வேறு. அத்தகைய போருக்கு முன், காரணங்கள் வெளிப்படையாக மக்கள் முன் வைக்கப்படுதல் வேண்டும். பிரதிநிதிகள் மன்றத்தில் கூடி, ஆதரித்தவர் யார், எதிர்த்தவர் யார் என்று பின்னோர் அறியுமாறு வாக்களித்தல் வேண்டும். எதிர்ப்போரை நாட்டின் பகைவர் என்று தூற்றாதிருத்தல் வேண்டும். இவை இல்லாதவிடத்துப் பொதுவாக்கெடுப்பு நடத்தினும் அஃது ஏதென்ஸின் ஆரவாரமாகவே முடியும். இவை உள்ளவிடத்து, மக்கள் நேரில் வாக்களித்தாலும் பிரதிநிதிகள் வாயிலாக வாக்களித்தாலும், முடிவில் மக்களின் அறிவுக்கு இடம் இருக்கும்.

மாணவர்களே! இன்னும் சில ஆண்டுகளில், பதினெட்டு வயது நிரம்பியதும், நீங்களும் வாக்காளர் ஆவீர்கள். போரைப் பற்றிய கேள்வி உங்கள் வாக்குச்சீட்டில் அச்சிடப்பட்டிராது. ஆயினும், அக்கேள்விக்கு உங்கள் சார்பில் விடை கூறப்போகின்றவரை நீங்களே தேர்ந்தெடுப்பீர்கள். ஆகவே, அவர் எத்தகையவர் என்று ஆராயுங்கள். போர் முழக்கம் எழும்பொழுது, அந்நாடு எங்குள்ளது, பூசலுக்குக் காரணம் யாது, பேசித் தீர்க்க வழி உண்டா, செல்பவர் யார், செலவு எவ்வளவு என்று வினவுங்கள். பெரும்பான்மையோர்க்கு மாறான கருத்தை ஒருவர் கூறினால், அவரைப் பேச விட்டுச் செவிசாயுங்கள். உங்களுக்கே அத்தகைய கருத்துத் தோன்றினால் வாய்மூடி இராதீர்கள். முடிவு செய்த பின்னர், அதன் நன்மை தீமைகளுக்கு நாமும் பொறுப்பாளர் என்பதை மறவாதீர்கள். ஏதென்ஸ் மக்கள் மறந்தது அதனையே.